வெளியன் கொடுத்த நிழல்

மேலூர் வட்டாரத்தில் மலை என்றால் பாறை. அருவியும் அடர்ந்த காடும் எதிர்பார்த்து வருகிறவர்களின் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தட்டுப்படாது. வயல்வெளிக்கு நடுவே கருங்கல் ஒன்று முதுகு காட்டி எழுந்து நிற்கும். அடிவாரத்தில் பனை, உடை, ஆவாரை. மதுரையிலிருந்து கிளம்பினால் ஒத்தக்கடையில் யானைமலை, நரசிங்கம்பட்டியில் பெருமாள்மலை, மேலூர் தாண்டிக் கீழவளவு, கருங்காலக்குடி என்று வரிசையாக வந்துகொண்டேயிருக்கும். இவற்றில் பலவற்றில் யாரோ ஒருவருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. எழுத உட்கார்ந்து ஒன்றும் ஓடாத காலங்களில் நான் இந்தப் பக்கம்தான் வருகிறேன். அதிலும் அரிட்டாபட்டிக்கு.

மேலூரிலிருந்து அழகர்கோவில் சாலையில் வந்து, வல்லாளப்பட்டி வழியாக ஊருக்குள் நுழையலாம். ஏழு குன்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும் கிடக்கின்றன. ஊரை ஒட்டி நிற்பதைக் கழிஞ்சமலை என்பார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தால் பாறை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக நீர் வழிந்த தாரைகள் தெரியும். பாறை தண்ணீரைக் குடிப்பதில்லை. விழுந்த மழையில் பெரும்பகுதி சறுக்கிக்கொண்டு கீழே ஓடிவிடும். கொஞ்சம் மட்டும் பாறை வெடிப்புகளில் இறங்கி, வெகுநாள் கழித்து எங்கோ ஒரு சுனையாகக் கசியும். ஓடி வருகிற தண்ணீரைப் பிடித்து நிறுத்தத்தான் இங்கே இத்தனை கண்மாய்கள். 2022-இல் தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கை, இந்தக் குன்றுத் தொடர் 72 ஏரிகளுக்கும் 200 இயற்கைச் சுனைகளுக்கும் 3 தடுப்பணைகளுக்கும் நீர்ப்பிடிப்பு என்று கணக்குச் சொல்கிறது. அவற்றுள் ஆனைகொண்டான் கண்மாய் 16-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது என்றும் அது சொல்கிறது. பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் மேலூர்ப் பக்கம் வருகிறது. ஆனாலும் அது ஒருபோகத்துக்குத்தான். மற்றபடி இந்த மண்ணின் நெல்லை வானமும் பாறையும் கண்மாயும் சேர்ந்துதான் விளைவிக்கின்றன.

இந்த நீர்க்கணக்கு மனத்தில் இல்லாமல் மலையேறினால் மேலே இருக்கிற வரலாறு ஒரு கண்காட்சிப் பொருளாக நின்றுவிடும். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறினால், ஒவ்வொன்றும் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகப் பிடிபடும். எழுதுகிறவனுக்கு அந்த ‘ஏன்’ கிடைத்துவிட்டால் போதும். மீதி எழுத்து அதைப் பின்தொடர்ந்து வந்துவிடும்.

குகைத்தளத்தைப் பாருங்கள். பாறை முன்பக்கமாகத் துருத்தி நிற்கிறது. அதன் அடியில் ஆள் குனிந்து நுழையும் நிழல். தரையைச் செதுக்கிச் சமன்செய்து, படுக்க இடம் அமைத்திருக்கிறார்கள். ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்வார்கள். பாண்டிய நாட்டில் இப்படிப்பட்ட பல குகைகளுக்கும் அந்த ஐவரைத்தான் சொந்தக்காரர்களாக்கியிருக்கிறார்கள். உண்மையில் படுத்தவர்கள் சமணத் துறவிகள். நிழலைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த முகப்பின் நெற்றியில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஒரு பள்ளக்கோடு. தொல்லியல் அறிஞர்கள் அதைக் காடி என்று குறிப்பிடுகிறார்கள். மேலிருந்து வழிந்து வரும் மழைநீர் பாறையின் வளைவை ஒட்டியே உள்ளே வந்துவிடும் அல்லவா? காடி அதைத் தடுத்துச் சொட்டுச் சொட்டாக வெளியே விழவைக்கிறது. விரல் நுழையும் அகலத்துக்கு ஓர் உளிக்கோடு, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓர் அறையை நனையாமல் வைத்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கவலை மழையைப் பற்றி? சமணத் துறவிகள் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் நடக்கமாட்டார்கள். ஈர மண்ணில் புழுவும் பூச்சியும் புதிதாக முளைத்த புல்லும் நிறைந்திருக்கும், மிதிபடும் என்று ஓரிடத்தில் அடங்கிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கான வீடு இது. வெயிலுக்கு மரநிழல் போதும். ஒழுகாத கூரைதான் தேவை. துறவிகள் அமரும் முன் தரையைத் துடைக்க வைத்திருந்தது மயிற்பீலி. இன்றைக்கும் இந்தப் பாறைச் சரிவுகளில் மயில்கள் அகவுகின்றன. தோகை உதிர்க்கும் பருவத்தில் பீலிகள் புதர்களில் சிக்கிக் கிடக்கின்றன. மழை, பாறை, புழு, மயில் எல்லாம் சேர்ந்துதான் இந்த அறையைக் கட்டியிருக்கின்றன என்று புரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்த நூலும் எனக்குத் தந்ததில்லை.

அந்தக் குகை முகப்பில்தான் தமிழி என்னும் தமிழ்-பிராமி எழுத்து. கி.மு. 2-ஆம், 1-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் காலம் கணிக்கிறார்கள். நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையைக் கொடுப்பித்தான் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் கண்டறியப்பட்ட இன்னொரு கல்வெட்டு, இலஞ்சியைச் சேர்ந்த வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுப்பித்ததைச் சொல்கிறது. அவ்வளவுதான். புகழ்மொழி கிடையாது. அரசன் ஆண்ட ஆண்டுகூடக் கிடையாது. யார், எந்த ஊர், யார் மகன், என்ன கொடுத்தான் என்பதோடு சரி. நெல்வேலி இன்றைய திருநெல்வேலி என்றும், இலஞ்சி தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சி என்றும் கருதுகிறார்கள். அப்படியானால் தாமிரபரணிக் கரையிலிருந்தும் குற்றாலச் சாரலிலிருந்தும் இந்தக் காய்ந்த பாறைக்கு ஏன் வந்தார்கள்? வணிகத்துக்கா, நேர்த்திக்கா, யாரையாவது தேடியா? இன்றைய சாலையில் மதுரைக்கும் நெல்லைக்கும் இடையே நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். நீர் வளம் மிகுந்த ஊர்க்காரன் ஒருவன் மழைக்கு ஒதுங்க ஓர் இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறான் என்பதை நினைக்க நினைக்க ஒரு நாவலின் முதல் அத்தியாயம் மனத்தில் விரியத் தொடங்குகிறது.

கல்லில் எழுதுவதற்குச் செலவு அதிகம். ஒவ்வோர் எழுத்துக்கும் உளி மழுங்கும், ஆள் கூலி ஏறும். ஆகவே தேவையில்லாத ஒரு சொல்லும் அதில் ஏறவில்லை. நான் எழுதும் பக்கங்களை இந்தப் பாறையின் முன் வைத்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன். எந்த வாக்கியத்தில் ஊர் இல்லையோ, ஆள் இல்லையோ, செய்த செயல் இல்லையோ, அதை அடித்துவிடுகிறேன்.

மீனாட்சிபுரத்துக்குப் போனால் ஓவாமலை. மாங்குளம் கல்வெட்டுகள் என்று பாடநூல்களில் வருவது இந்த மலையில் இருப்பதைத்தான். 1882-இல் ராபர்ட் சீவெல் இவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எழுத்து பிராமியாக இருந்ததால் மொழி என்னவென்று வெகுகாலம் குழப்பம் நீடித்தது. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று நிறுவினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் இந்த மலைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாடல்களில் மட்டும் கேட்டிருந்த பெயர் கல்லில் கிடைத்தது. அரசனின் பணியாளன் கடலன் வழுதியும், வெள்ளறை வணிகக் குழுவைச் சேர்ந்தவரும் கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்காகச் செய்த கொடைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அரசு அதிகாரியும் வணிகக் குழுக்காரரும் ஒரே பாறையில், ஒரே துறவியின் பொருட்டு. ஓவாமலையில் ஏறுவது சற்றுக் கடினம். கல்லடுக்குகளின் மேல் வெயில் கொதிக்கும். காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

கழிஞ்சமலையில் தமிழி எழுத்துக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பிந்திய ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். கீழே வட்டெழுத்து. மலையின் பழைய பெயரைத் திருப்பிணையன் மலை என்று குறித்து, பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி என்னும் துறவி இத்திருமேனியைச் செய்வித்ததாகவும், பாதிரிக்குடியார் இதைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது அந்த எழுத்து. காக்கும் பொறுப்பை ஓர் ஊராரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அச்சணந்தி ஓரிடத்தில் இருந்தவர் அல்லர். யானைமலையில் அவர் பெயர் இருக்கிறது. அழகர்மலையில் இருக்கிறது. கொங்கர்புளியங்குளத்தில் இருக்கிறது. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், சமணம் தன் செல்வாக்கை இழந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு துறவி மலைமலையாக நடந்து கைவிடப்பட்ட குகைகளுக்குத் திரும்ப உயிர் கொடுத்திருக்கிறார். போர்க்களத்தில் வென்றவர்களைப் பற்றி ஆயிரம் நாவல்கள் வந்துவிட்டன. இந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல நாவல் தமிழில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மலையின் இன்னொரு முகத்தில் குடைவரைச் சிவன் கோயில். முற்காலப் பாண்டியர் பணி. கருவறை, உள்ளே லிங்கம், வாயிலுக்கு இருபுறமும் காவலர்கள். அவர்களுக்கு அப்பால் ஒருபக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். பாசுபத நெறியைப் பரப்பிய ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசரைத் தமிழகத்தில் எல்லா இடத்திலும் பார்த்துவிட முடியாது. இங்கே அவர் கையில் தண்டத்தோடு நிதானமாக அமர்ந்திருக்கிறார். குடைவரையில் சிற்பிக்கு ஒட்டவைக்கும் வேலை கிடையாது, எடுக்கும் வேலை மட்டுமே. மூக்கின் நுனியில் ஓர் அடி தவறாக விழுந்தால் மலையை மாற்றிக்கொண்டு வர முடியாது. ஒரே மலையில் சமணரும் சைவரும். அவர்களுக்கிடையே சண்டை நடந்த கதைகள் மதுரையில் நிறைய உண்டு. இந்தப் பாறையில் மட்டும் இரண்டும் சேதமில்லாமல் நின்று, காலையும் மாலையும் ஒரே வெயிலை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையையும் இந்தத் தடத்தில் பார்த்துவிட வேண்டும். கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி மலையைக் குடைந்து கோயில் எடுத்தான். நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே இறந்துபோனான். அவனுக்குப் பின் அமைச்சுப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி நீர் தெளித்தான். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த கதை மூன்றே செய்திகளில் முடிந்துவிடுகிறது. தம்பி தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம். அண்ணன் எதுவரை செய்தான், எங்கே நின்றுபோனான், தான் எதைச் சேர்த்தேன் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறான். அந்த நேர்மையில் துக்கமும் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது எனக்கு.

வரலாற்றிலேயே மூழ்கிவிட்டால் தலைக்கு மேலே நடப்பது தவறிப்போகும். அரிட்டாபட்டியின் செங்குத்துப் பாறைகளில் வல்லூறுகள் வாழ்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் உட்பட ஏறக்குறைய 250 பறவையினங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. ஷாஹீன் வேட்டையாடுவதைப் பார்க்க வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். மாடப்புறாக் கூட்டம் ஒன்று பாறையை விட்டுக் கிளம்பும். எங்கோ உயரத்தில் ஒரு புள்ளி சிறகை ஒடுக்கிக்கொண்டு விழும். கூட்டம் இரண்டாகப் பிளக்கும். என்ன நடந்தது என்று கண் புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிடும். இந்தப் பறவைகளுக்கும் துறவிகளுக்கும் ஒரே தேவைதான் இருந்திருக்கிறது. மழை நேராக விழாத பாறை விளிம்பு, எளிதில் யாரும் ஏறிவராத உயரம், கீழே தண்ணீர். ஆகையால்தான் எழுத்து இருக்கும் மலையிலேயே கூடும் இருக்கிறது.

கண்மாய்க்கரை வேறோர் உலகம். மடையான் ஒன்று மதகுக் கல்லில் கழுத்தை உள்ளிழுத்து உட்கார்ந்திருக்கும். நீர்க்காகம் சிறகு விரித்து உலர்த்தும். சம்புப் புல்லுக்குள் நீலத் தாழைக்கோழி தன் நிறத்தைக் காட்டி மறையும். பறவை பார்க்கும் பழக்கம் எழுத்துக்கு எவ்வளவு உதவும் என்பதை அனுபவத்தில்தான் உணர முடியும். பொறுத்து உட்காரக் கற்றுக்கொடுக்கிறது. ‘ஒரு பறவை பறந்தது’ என்று எழுதக் கை கூசுகிறது. எந்தப் பறவை, எதை நோக்கி, எந்த மரத்திலிருந்து என்று கேள்வி வந்துவிடுகிறது.

சுனைக்குப் போகும் வழியில் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டியைப் பார்த்தேன். 

“தம்பி, பாசி பிடிச்சிருக்கு, செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க” என்றார். 

“கோடையில தண்ணி இருக்குமா ஆத்தா?” 

“சித்திரையிலயும் கை நனையும். எங்க அப்பத்தா காலத்துலருந்து வத்துனதில்ல.” 

எழுத்து வெட்டியிருக்கும் குகையைப் பற்றிக் கேட்டேன். “அது சாமியாருக படுத்த எடம். மழ வந்தா நாங்களும் ஆட்ட ஓட்டிக்கிட்டு அங்கதான் ஒதுங்குவோம்” என்றார். 

வெளியன் கொடுத்த நிழல் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுமார் 2,000 ஹெக்டேர், அதற்குள் இந்தத் தலமும். ஏற்கெனவே கிரானைட் குவாரிகளால் குன்றுகளும் கண்மாய்களும் சிதைந்ததைக் கண்ணால் கண்ட வட்டாரம் இது. அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமிக்க வேண்டியிருந்தது. இந்த முறை மக்கள் காத்திருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டு போனார்கள். விவசாயிகள், பெண்கள், மாணவர்கள், கடைக்காரர்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

அந்தப் போராட்ட நாட்களில் தமிழி எழுத்தும் வல்லூறும் கண்மாய்ப் பாசனமும் சேர்ந்தே பேசப்பட்டன. கல்வெட்டு ஆய்வாளர்களின் பேச்சு கிராமத்து வாதமாக மாறியது. இதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு உண்டு. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக, 2010-இல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மதுரைக்காரர்களைக் குடும்பம் குடும்பமாக இந்த மலைகளுக்கு அழைத்து வந்தது. சொ. சாந்தலிங்கம், வெ. வேதாசலம் போன்ற அறிஞர்கள் பாறைமுன் நின்று கல்வெட்டைப் படித்து விளக்கினார்கள். பாட்டி கையைப் பிடித்து நடந்த பிள்ளைகளும் அந்த வரிகளைக் கேட்டார்கள். பாதிரிக்குடியாரிடம் அச்சணந்தி ஒப்படைத்த காவல் வேலை எப்படியெல்லாம் கைமாறி வருகிறது என்று பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைகிறது. 

இப்போது நான் கீழக்குயில்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அங்கே சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடம், வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள், பக்கத்தில் சுனை. அவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று அதன் கீழே வட்டெழுத்தில் இருக்கிறது. மகன் துறவு பூண்டபோது அந்தத் தாய் என்ன நினைத்தார்? மகன் போன வழியிலேயே அவரும் நடந்தாரா, அல்லது ஊரிலிருந்து பொருள் அனுப்பினாரா? மகன் பெயரைச் சொல்லித் தன் பெயரைப் பொறிக்கச் சொன்னது அவரா, மகனா? நான் எழுதத் தொடங்கியிருக்கும் கதை அந்த அம்மாவைப் பற்றியது. அதற்கு முதலில் அந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.